சிவப்பு சிக்னல் குற்றவாளி அல்ல

ஃபேக்டோரியோ என்ற கணினி விளையாட்டில் ரயில் விடுவதைப் பற்றி நம்மிடையே உலவும் அறிவுரைகளில் பல, செவிவழியாக வந்தவை. யாரோ ஒருவர் ஒரு காணொளியில் பார்த்ததை நண்பருக்குச் சொல்கிறார். நண்பர் அதை விதியாகவே ஆக்கி அடுத்தவருக்குக் கொடுக்கிறார். மூன்றாவது ஆளிடம் வந்து சேரும்போது காரணம் உதிர்ந்துபோய்க் கட்டளை மட்டும் எஞ்சுகிறது. அதை நம்பி இரவெல்லாம் தண்டவாளம் போட்டவர்கள், ஒருநாள் மொத்த ரயில்களும் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு ஆட்டத்தையே மூடிவிடுகிறார்கள். செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள வூபே சாஃப்ட்வேர் இந்த விளையாட்டின் 1.0 பதிப்பை 2020 ஆகஸ்ட் 14 அன்று வெளியிட்டது, 2.0 பதிப்பு 2024 அக்டோபர் 21 அன்று வந்தது. இந்த இடைவெளியில் எவ்வளவோ மாறியிருக்கிறது, ஆனால் சிக்னலின் அடிப்படை விதிகள் மாறவில்லை. ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடக்கூடிய அளவுக்கு அவை சிறியவை. கற்காமல் இருப்பதற்குத்தான் நாம் அதிகம் உழைக்கிறோம்.

இந்தப் பிழைகள் ஏன் சாகாமல் இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். ஐந்து ரயில்கள் மட்டும் ஓடும் பாதையில் சிக்னலை எப்படி வைத்தாலும் பெரும்பாலும் ஓடும். ஒரு சந்திப்புக்கு இரண்டு ரயில்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதே அங்கே அரிது. மூன்று வருவது அதனினும் அரிது. ஆகவே தவறான அமைப்பு பல மணி நேரம் சரியானதைப் போலவே நடந்துகொள்கிறது. “நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஓடுகிறதே” என்று ஒருவர் சொல்வதில் பொய் ஏதுமில்லை. அவரிடம் எத்தனை ரயில்கள் ஓடுகின்றன என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

“சிவப்பு எரிகிற இடத்தில்தான் கோளாறு.” மற்ற நம்பிக்கைகளுக்கெல்லாம் தாய் இதுவே. சிக்னல்கள் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக். தானியங்கி முறையில் ஓடும் ரயில், வேறொரு ரயில் இருக்கிற பிளாக்கிற்குள் நுழையாது. பச்சை என்றால் அடுத்த பிளாக் காலி. மஞ்சள் என்றால் ஒரு ரயில் அதைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. சிவப்பு என்றால் உள்ளே ரயில் நிற்கிறது அல்லது ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது சிவப்பு என்பது சிக்னல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கான அறிகுறி. வரிசையில் பத்தாவதாக நிற்கும் ரயிலின் முன்னால் சிவப்பு எரிவதற்குக் காரணம் ஒன்பதாவது ரயில். அது நிற்பதற்குக் காரணம் எட்டாவது. கேட்க வேண்டிய ஒரே கேள்வி, முதல் ரயில் ஏன் நிற்கிறது என்பதுதான்.

நாம் என்ன செய்கிறோம்? கண்ணில் படும் சிவப்பு சிக்னலைப் பிடுங்கி எறிகிறோம். பிடுங்கியதும் இரண்டு பிளாக்குகள் ஒன்றாகின்றன. முன்பு இரண்டு ரயில்கள் நின்ற இடத்தில் இனி ஒன்றுதான் நிற்க முடியும். நெரிசல் பின்னோக்கி இன்னொரு சந்திப்பு வரை நீள்கிறது. ஒரு சிக்னலைக் கையில் எடுத்தாலே போதும், சுற்றியுள்ள பிளாக்குகள் தனித்தனி நிறத்தில் தெரியும். அந்த நிறங்களைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலைப்பகுதிக்குப் போனால், பெரும்பாலும் சரக்கு இறக்கும் ஒரு ஸ்டேஷனிலோ ஒரு சந்திப்பின் வாயிலிலோ போய் நிற்போம். கோளாறு அங்கே இருக்கிறது. நாம் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததோ அரை மைல் பின்னால்.

“சிக்னல்களை எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோமோ அவ்வளவு வேகமாகப் போக்குவரத்து நடக்கும்.” பாதி உண்மை, அதனால்தான் இது இன்னும் ஆபத்தானது. நேர்ப்பாதையில் பிளாக்குகள் சிறியதாக இருந்தால் ரயில்கள் நெருங்கி ஓடலாம் என்பது சரி. ஆனால் இந்தப் பழக்கத்தைச் சந்திப்புக்குள் கொண்டுபோகும்போது கதை மாறுகிறது. வடக்கு நோக்கிப் போகும் ரயில் ஒன்று சந்திப்பைக் கடக்கிறது. அதன் எஞ்சின் வெளியேறிவிட்டது. ஆனால் அடுத்த சிக்னல் சிவப்பு, நின்றுவிடுகிறது. அதன் வால் இன்னும் சந்திப்பின் நடுவில் கிடக்கிறது. கிழக்கு நோக்கி வந்த ரயில் அந்த வாலுக்காகக் காத்திருக்கிறது. அதன் வால் முந்தைய சந்திப்பை மறிக்கிறது. அங்கே இன்னொன்று காத்திருக்கிறது. இப்படிப் போய்ப் போய், கடைசியாகக் காத்திருக்கும் ரயிலின் வால்தான் முதல் ரயிலுக்கு வழிவிடாமல் கிடக்கிறது என்று வளையம் மூடிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் விட்டாலும் அது தானாக அவிழாது.

இதைத் தவிர்க்கவே செயின் சிக்னல் இருக்கிறது. தனக்கு அடுத்த சிக்னலின் நிலையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லக்கூடியது அது. வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் நுழைவாயிலிலேயே சிவப்பு காட்டும். பல வழிகளில் சில மட்டும் திறந்திருந்தால் நீலம் காட்டும். ஆகவே சந்திப்பின் நுழைவிலும் உள்ளேயும் செயின் சிக்னல், வெளியேறும் இடத்தில் சாதாரண சிக்னல் என்பது விதி. இதை எல்லோரும் மந்திரம் போல ஒப்பிக்கிறோம். விதியின் மறுபாதியை மட்டும் வழியில் எங்கோ தொலைத்துவிட்டோம்: வெளியேறும் சிக்னலுக்கு அப்பாலுள்ள பிளாக், நம்மிடமுள்ள மிக நீளமான ரயில் முழுதாக நிற்கும் அளவுக்கு இருக்க வேண்டும். எஞ்சினோ வேகனோ, இணைப்பு இடைவெளியோடு சேர்த்து ஒவ்வொன்றும் 7 கட்டம் பிடிக்கும். ஒரு எஞ்சினும் நான்கு வேகன்களும் என்றால் 35 கட்டம். இரண்டு எஞ்சினும் எட்டு வேகன்களும் என்றால் 70. வெளியே வந்து 20 கட்டத்திலேயே அடுத்த சிக்னலை நட்டிருந்தால், உள்ளே எத்தனை செயின் சிக்னல் வைத்தும் பயனில்லை. முதல் பாதிக்கு மனப்பாடம் போதும். இரண்டாம் பாதிக்கு எண்ணிப் பார்க்க வேண்டும். அதனால்தான் முதல் பாதி மட்டும் பரவியது. யாரோ நான்கு வேகன் ரயிலுக்காக வரைந்த ப்ளூபிரிண்ட்டை இறக்கி, எட்டு வேகன் ரயிலை அதில் ஓட்டிவிட்டு, ப்ளூபிரிண்ட் சரியில்லை என்று திட்டுவதும் இதனால்தான்.

இங்கே சூடு கண்டவர்கள் நேரெதிர்த் திசைக்கு ஓடுகிறார்கள். “செயின் சிக்னல்தான் பாதுகாப்பு, எல்லா இடத்திலும் அதையே வைத்துவிட்டால் கவலை இல்லை.” கவலை இருக்கிறது. நேர்ப்பாதை முழுவதும் செயின் சிக்னல் நட்டால், அடுத்த சாதாரண சிக்னல் வரையுள்ள நீளம் மொத்தமும் ஒரே பிளாக் போலத்தான் இயங்கும். முதல் ரயில் அந்த நீளத்தைத் தாண்டி, அதற்கு அப்பாலுள்ள பிளாக்கையும் விட்டு விலகினால்தான் இரண்டாவது ரயில் உள்ளே வரும். நெரிசலால் நிற்பதற்குப் பதில் சட்டத்தால் நிற்கிறது. தாது என்னவோ வந்து சேரவில்லை.

இன்னொரு வகைப் பிழை வெளியூரிலிருந்து வருகிறது. ஓப்பன்டிடிடி ஆடியவர்களும் சாட்டிஸ்ஃபாக்டரி ஆடியவர்களும் அங்கே கற்றதை இங்கேயும் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த விளையாட்டுகளில் பாதை சிக்னல் என்றொரு வகை உண்டு. ஒரே பிளாக்கிற்குள் இரண்டு ரயில்களின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டாவிட்டால் இரண்டையும் அது உள்ளே விடும். “சந்திப்பைச் சுற்றிச் சிக்னல் வைத்தால் போதும், மீதியை ரயில்கள் பார்த்துக்கொள்ளும்” என்ற வாக்கு அங்கே பிறந்தது. அங்கே அது சரி. ஃபேக்டோரியோவில் தானியங்கி முறையில் ஓடும் ரயில்களைப் பொறுத்தவரை, ஒரு பிளாக்கில் ஒரு ரயில் என்பதற்கு விலக்கே கிடையாது. வலப்பக்கமாக ஓட்டும் பாதையில் ஒரு ரயில் வலப்புறம் திரும்புகிறது, மற்றொன்று எதிர்த்தடத்தில் நேராகப் போகிறது, இரண்டும் தொட்டுக்கொள்ளவே போவதில்லை. ஆனால் சந்திப்பு முழுவதும் ஒரே பிளாக்காக இருந்தால் ஒன்று நிற்கத்தான் வேண்டும். அதனால் சந்திப்பின் உட்புறத்தையும் செயின் சிக்னல்களால் கூறுபோட வேண்டியிருக்கிறது. இந்த உழைப்பை விளையாட்டு நம்மிடம் விட்டிருக்கிறது.

ரவுண்டானா மோகம் தனிக்கதை. “எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கும் போகலாம், இடமும் குறைவு, இதைவிடச் சிறந்த சந்திப்பு இல்லை.” முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, ரயில்கள் குறைவாக இருக்கும் வரை மட்டும். ஒவ்வொரு ரயிலும் வட்டத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தாக வேண்டும். வலப்பக்கமாக ஓட்டும் பாதையில் இடப்பக்கம் திரும்புகிற ரயில் வட்டத்தின் முக்கால் பாகத்தைச் சுற்றுகிறது, அதுவரை மற்றவை காத்திருக்கின்றன. வட்டத்தைவிட நீளமான ரயில், வழியை மறுபடி கணக்கிட்டு உள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றப் புறப்பட்டால், தன் வாலே தனக்கு முன்னால் மறித்துக் கிடக்க நின்றுவிடக்கூடும். ஆனால் எனக்கு ரவுண்டானாவின் மீதுள்ள பெரிய குறை வேறு: அது நம் தவறுகளை மறைக்கிறது. ஒரு ஸ்டேஷனின் வாயிலைத் தவறான திசையில் வைத்திருந்தால், வளைந்து திரும்ப வழியில்லாத பாதையில் ‘வழியில்லை’ என்று ரயில் உடனே காட்டிக்கொடுக்கும். ரவுண்டானா இருந்தால் அது சத்தமில்லாமல் அடுத்த வட்டம் வரை போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு நடையிலும் இரண்டு மடங்கு தூரம், இரண்டு மடங்கு நெரிசல், நமக்குத் தெரியவே தெரியாது. முடிந்தவரை மூன்று வழிச் சந்திப்புகளாகப் பிரித்துப் போடுவது மேல்.

இனி வருவதுதான் அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை. “இரும்பு பற்றவில்லையா? இன்னொரு ரயிலை விடு.”

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சரக்கு வேகனில் 40 இடங்கள். தாது ஓர் இடத்தில் 50 அடங்கும். ஆக ஒரு வேகனுக்கு 2,000, நான்கு வேகன் ரயிலுக்கு 8,000. இறக்கும் ஸ்டேஷனில் சரக்கை எடுத்துவைக்கும் இன்சர்ட்டர்கள் நேராக ஒரே ஒரு மஞ்சள் பெல்ட்டில் தாதுவைக் கொட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பெல்ட் விநாடிக்கு 15 பொருள்தான் நகர்த்தும். 8,000 தாது இறங்க 533 விநாடி, ஏறத்தாழ ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் ஸ்டேஷன் அடைபட்டிருக்கிறது. பின்னால் இரண்டாவது ரயில் நின்றாலும் இருபதாவது ரயில் நின்றாலும் உலைக்குப் போவது விநாடிக்கு அதே 15. நீல பெல்ட் போட்டால் விநாடிக்கு 45, மூன்று நிமிடத்தில் காலி. வேகனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பெட்டகங்களை வைத்து, பக்கத்துக்கு ஆறாக வேகனுக்குப் பன்னிரண்டு பல்க் இன்சர்ட்டர்கள் போட்டு, அவற்றின் கொள்ளளவு ஆராய்ச்சியும் முடித்திருந்தால் ஒரு வேகன் பத்து விநாடிக்குள் காலியாகிவிடும். ரயில் உடனே விலகும். பற்றாக்குறைக்குக் காரணம் ஸ்டேஷன். நாம் வாங்கிக்கொண்டிருந்ததோ எஞ்சின்.

கூடுதலாக விட்ட ரயில் சும்மாவும் இருப்பதில்லை. இடமில்லாமல் பிரதான பாதையில் வந்து வரிசையில் நிற்கிறது. அதே பாதையில் வர வேண்டிய தாமிர ரயில் அதன் பின்னால் மாட்டிக்கொள்கிறது. இப்போது தாமிரமும் பற்றவில்லை. உடனே தாமிரத்துக்கும் இன்னொரு ரயில்! இந்தச் சுழலில் சிக்கியவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் புதிய ரயிலை விட்டதும் சில நிமிடங்களுக்குத் தாது நிஜமாகவே வருகிறது. அது அந்த ரயில் கொண்டுவந்த முதல் சுமை. அதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

2020ன் இறுதியில் வந்த 1.1 பதிப்பு இதற்கு ஓர் எளிய வழி தந்தது: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ரயில் வரம்பு. நின்றுகொண்டிருக்கும் ரயில்களையும் அதை நோக்கிக் கிளம்பிவிட்ட ரயில்களையும் சேர்த்தே அந்த எண் கணக்கிடும்; நிறைந்துவிட்டால் அடுத்த ரயில் இருந்த இடத்தைவிட்டுக் கிளம்பாது. ஸ்டேஷன் மேடையோடு, அதன் முன்னால் ஒதுக்கமாகப் போட்டிருக்கும் காத்திருப்புத் தடங்களையும் கூட்டினால் என்ன வருகிறதோ அதுவே வரம்பு. இதிலும் ஒரு செவிவழி வாக்கு புகுந்துவிட்டது: “வரம்புகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக ரயில் வைத்தால் ஓர் இடமும் வீணாகாது.” சுரங்கங்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் வரம்பு 2, இறக்கும் இடம் ஒன்று, வரம்பு 3, மொத்தம் 7. ஏழு ரயில்களை விட்டுப் பாருங்கள். சுமை ஏற்றியவை இறக்கும் இடத்தில் இடமில்லாமல் சுரங்கத்தில் நிற்கும். இறக்கியவை சுரங்கத்தில் இடமில்லாமல் இங்கே நிற்கும். யாரும் யாருக்கும் வழிவிட முடியாது. ஆறு ரயில்கள் விட்டால் எங்கோ ஓர் இடம் எப்போதும் காலியாக இருக்கும்; அந்த ஒன்றைச் சுற்றித்தான் எல்லாம் ஓடுகிறது.

“இரண்டு தடம் போதவில்லை, நான்காக்கினால் சரியாகிவிடும்.” சாலையை எவ்வளவு அகலப்படுத்தினாலும் சுங்கச்சாவடியில் ஒரே கவுன்ட்டர் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பது நாம் அறியாததல்ல. இங்கே அந்தக் கவுன்ட்டர் சந்திப்பு. தடம் நான்கானால் சந்திப்பில் வெட்டிக்கொள்ளும் கோடுகளும் பெருகுகின்றன. முன்பிருந்ததைவிட மெதுவாகவே அது வேலை செய்யலாம். பக்கத்துத் தடம் காலியாக இருந்தால் ரயில் தானே மாறிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பும் தவறு. ரயில் கிளம்பும்போதே தன் வழியைக் கணக்கிட்டுவிடுகிறது. அந்தக் கணக்கில் நிரம்பிய பிளாக்குகளைக் கூடுதல் தூரமாக எண்ணும். வழியில் சிக்னலில் மாட்டிக்கொண்டால் மறுபடி கணக்கிடவும் செய்யும். ஆனால் தடம் பிரியும் இடத்தைத் தாண்டிய பிறகு அடுத்த பிரிவு வரை அதற்கு வேறு வழியில்லை.

இந்தக் கணக்கில் அதிகம் பேர் அறியாத ஒன்று, வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு ஸ்டேஷனையும் 2,000 கட்டம் கூடுதல் தூரம்போல விளையாட்டு எண்ணும் என்பது. பிரதான பாதையின் மேலேயே ஒரு ஸ்டேஷனை வைத்துவிட்டு, ரயில்கள் ஊரைச் சுற்றிப் போகின்றன, ரயிலுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று புலம்புவோர் உண்டு. ரயில் சரியாகத்தான் கணக்குப் பார்த்தது. ஸ்டேஷனைப் பக்கத் தடத்துக்கு நகர்த்தினால் ஊர்சுற்றல் நின்றுவிடும். ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கத்தோடு உயர்த்தப்பட்ட தண்டவாளம் வந்தபின், “இனிச் சிக்னல் கவலையே இல்லை” என்றொரு புதிய வாக்கும் கிளம்பியிருக்கிறது. மேம்பாலம், குறுக்கே வெட்டுவதை நீக்கும். இரண்டு தடங்கள் ஒன்றாகச் சேரும் இடம் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் சேருமிடம்தான். அங்கே ஒரு ரயில் மற்றொன்றுக்காக நின்றே ஆக வேண்டும்.

சில்லறைப் பிழைகளைச் சுருக்கமாகத் தீர்த்துவிடலாம். சுமை ஏற்றிய ரயில் மெதுவாகப் போகும் என்பது பொய். சரக்கின் எடையை விளையாட்டு கணக்கில் எடுப்பதே இல்லை, எஞ்சினுக்கும் வேகனுக்கும் மட்டும்தான் எடை. எதிர்த்திசை பார்த்து இணைத்த எஞ்சின் தள்ளிக்கொடுக்கும் என்பதும் பொய். அது வெறும் பாரம், வேகனைப்போல் இரண்டு மடங்கு. வேகம் வேண்டுமென்றால் எரிபொருளை மாற்றுங்கள்: நிலக்கரியில் மணிக்கு 259 கிலோமீட்டரைத் தாண்டாத ரயில், ராக்கெட் எரிபொருளில் 298ஐத் தொடும், அதைவிட முக்கியமாக, நின்ற இடத்திலிருந்து சட்டென்று கிளம்பிச் சந்திப்பைச் சீக்கிரம் காலி செய்யும். ஒற்றைத் தடத்தில் இருதிசையிலும் ஓட்டினால் சிக்கனம் என்பார்கள். ஒரு கல், ஓர் எஃகுத் தகடு, ஓர் இரும்புக் கம்பி கொடுத்தால் இரண்டு தண்டவாளம் கிடைக்கிறது. இதில் மிச்சம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது?

வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதும் விதியல்ல. நம் கை பழக்கத்தில் இடப்பக்கம் போவது இயல்பே. ரயில் போகும் திசைக்கு வலப்புறம் சிக்னல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி; ஒரு பக்கம் மட்டும் சிக்னல் வைத்த தடம் ஒருவழித் தடம். இடப்பக்கம் ஓட்டினால் சிக்னல்கள் இரு தடங்களுக்கும் நடுவில் வரும், அதற்கு இடைவெளி விட்டால் போதும். கேடு வருவது, இடப்பக்கப் பாதையோடு யாருடையதோ வலப்பக்க ப்ளூபிரிண்ட்டை ஒட்டும்போது.

கடைசியாக, எந்த அமைப்பையும் குறை சொல்வதற்கு முன் பார்த்துவிட வேண்டிய ஒன்று. நாமே ஏறி ஓட்டும் ரயிலுக்குச் சிக்னல்கள் கட்டுப்பாடே அல்ல. சிவப்பைத் தாண்டியும் போகும், மோதவும் செய்யும். அப்படி ஓட்டிப் போனவர், பாதி வழியில் தாக்க வரும் பைட்டர்களைச் சுடவோ மின்கம்பம் நடவோ இறங்கி, ரயிலை அங்கேயே விட்டுவிட்டு மறந்துவிடுகிறார். மாற்றுப் பாதை இல்லாத இடமாக இருந்தால், பின்னால் வரும் ஒவ்வொரு ரயிலும் அந்தப் பிளாக்கின் வாயிலில் நின்றுவிடும். விட்டுவிட்டுப் போன அந்த ரயிலுக்கு ஓர் அட்டவணை இருந்தால் தானியங்கி முறைக்கு மாற்ற ஒரு சொடுக்குப் போதும். இல்லையென்றால் ஏறிப் பக்கத் தடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு இறங்க வேண்டும்.